வெள்ளியில் கொக்கு நிற்குமா?

கேள்வி: 9 பிப்ரவரி 2025, மாலை 6.10

சிற்பக்கலை நான்காமாண்டு படிக்கிறேன். இறுதிப் படைப்பாக ஒற்றைக்காலில் நிற்கும் ஒரு கொக்கை, ஓர் அடி உயரத்தில், வெள்ளியில் வார்க்க ஆசை. கண்ணாடிபோல் மெருகு போட்டுவிட வேண்டும் என்பது என் எண்ணம். "வெள்ளி சிற்பத்துக்கான உலோகமே இல்லை, அது பாத்திரக்கடைச் சமாசாரம். வெண்கலத்தில் வார்த்து முலாம் பூசிக்கொள்" என்கிறார் ஆசிரியர். அவர் சொல்வது சரியா? வெள்ளி வேலை தெரிந்த அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள்.

பதில்: 9 பிப்ரவரி, இரவு 10.40

உங்கள் ஆசிரியர் பாதி சரி, தம்பி. எந்தப் பாதி என்பதில்தான் தகராறு.

முதலில் கணக்கைப் பாருங்கள். வெள்ளியின் அடர்த்தி 10.49. ஒரு லிட்டர் சொம்பு கொள்ளுகிற இடத்தை வெள்ளியால் நிரப்பினால் பத்தரைக் கிலோ. இன்று சென்னையில் கிராம் நூறைத் தாண்டி விற்கிறது. உங்கள் கொக்கும் அந்தச் சொம்பளவு என்று வைத்துக்கொண்டால், கெட்டியாக வார்க்கும்போது பதினொரு லட்சத்தை விழுங்கிவிட்டுத்தான் நிற்கும். உள்ளே கூடாக வார்க்கலாம். ஆனாலும் கை வார்ப்பில் மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குக் கீழே இறங்கினால் எங்காவது ஓட்டை விழும். தகட்டில் அடித்தால் முக்கால் மில்லி போதும்.

வெண்கலத்தில் செய்து முலாம் பூசு என்பது இன்னொரு விஷயம். அது சிக்கனம், தவறில்லை. ஆனால் முலாம் பூசிய கொக்கும் வெள்ளிக் கொக்கும் ஒன்றல்ல. தொட்டவுடன் தெரியும். உலோகங்களிலேயே வெப்பத்தை மிக வேகமாகக் கடத்துவது வெள்ளிதான். உள்ளங்கையில் வைத்த நொடியில் சில்லென்று கைச்சூட்டை இழுத்துக்கொள்ளும், அடுத்த நிமிடமே கையின் சூட்டுக்கு வந்துவிடும். பார்வையாளர் தொடப்போவதில்லை என்றால் இதெல்லாம் வீண் என்பீர்கள். செய்பவன் மாதக்கணக்கில் தொடுகிறானே, அவன் கணக்கில் சேரமாட்டானா?

என் கருத்தைச் சொல்லிவிட்டுப் படுக்கப் போகிறேன்: வெள்ளி தோல். எலும்பு அன்று. நிற்பதற்கு வேறு ஏதாவது வேண்டும்.

10 பிப்ரவரி, காலை

நேற்று எழுதியது கொஞ்சம் பஞ்ச் வசனம்போல் ஆகிவிட்டது. ஏன் அப்படிச் சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

எங்கள் அப்பா கும்பகோணத்தில் கவசம் அடித்தவர். சாமிக்குச் சாத்தும் வெள்ளிக் கவசம். கல் திருமேனியை அளவெடுத்து வந்து, தகட்டை அரக்கின்மேல் வைத்துப் பின்புறமிருந்து தட்டுவார். அரக்கு என்பது குங்கிலியமும் செங்கல் தூளும் எண்ணெயும் காய்ச்சிய கலவை. சூட்டில் இளகும், ஆறினால் பிடித்துக்கொள்ளும். அடிக்கு வளைந்தும் கொடுக்கும், தாங்கியும் நிற்கும். மொன்னை உளியால் பின்னாலிருந்து புடைக்கவைத்து, அரக்கிலிருந்து பிரித்து, நெருப்பில் காட்டி, மறுபடி அரக்கில் கவிழ்த்து முன்பக்கம் நகாசு. ஒரு முகத்துக்கு இப்படி ஏழெட்டு முறை. கண்ணிமை ஓரத்தில் மட்டும் தனி உளி வைத்திருந்தார். எங்களை அதைத் தொடவிடமாட்டார்.

உள்ளே கல் இருக்கிறது, அதன்மேல் அரை மில்லி வெள்ளி. கல் நிற்கும், வெள்ளி மினுக்கும். நான் பார்த்து வளர்ந்த வெள்ளிச் சிற்பம் முழுவதும் தோல்தான். அதனால் அந்தச் சொல்.

இதில் ஒரு வேடிக்கை. கவசத்தை வாராவாரம் விபூதி போட்டுத் தேய்ப்பார்கள். விபூதி நல்ல மெருகுப்பொடி, அதாவது வெள்ளியைத் தின்னும் பொடி. பல வருடம் கழித்துப் பழுதுக்கு வரும் கவசங்களில் மூக்கு நுனிதான் முதலில் ஓட்டையாகியிருக்கும். பக்தி அதிகமான கோயிலில் சாமிக்கு மூக்கு சீக்கிரம் போகும் என்பார் அப்பா.

10 பிப்ரவரி, இரவு

கவசமெல்லாம் சிற்பமா என்று ஒருவர் கேட்கிறார். சென்னையை அடுத்த சோழமண்டலம் கலைஞர் கிராமம் 1966-இல் தொடங்கியது. அதன் தொடக்கக்கால ஆட்களில் ஒருவர் சிற்பி பி.வி.ஜானகிராம். செம்புத் தகட்டை வெட்டி, தட்டி, கம்பி வைத்துப் பற்றவைத்து, முன்பக்கம் நின்று மட்டும் பார்க்கிற உருவங்களாகச் செய்தார். பின்னால் போனால் ஒன்றுமில்லை. கவசத்துக்கும் பின்னால் ஒன்றுமில்லை. கருவறை வாசலில் வளர்ந்த எனக்கு அந்தச் சிற்பங்களைப் பற்றி யாரும் விளக்கவுரை சொல்ல வேண்டியிருக்கவில்லை. உங்கள் ஆசிரியரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

16 பிப்ரவரி

வார்ப்பில் பிடிவாதமாக இருக்கிறீர்கள். சரி, என் வண்டவாளத்தைச் சொல்கிறேன்.

சுவாமிமலை நண்பர் ஒருவரின் பட்டறையில், பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு, முன்னூறு கிராம் சுத்த வெள்ளியில் ஒரு மாங்காய் வார்த்தேன். தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்த மெழுகில் உருவம், மேலே காவிரி வண்டல் பூச்சு, மெழுகை உருக்கி வடித்த கூட்டுக்குள் வெள்ளி, எல்லாம் முறைப்படி. அவர் வெண்கலத்தில் கை தேர்ந்தவர். நான் வெள்ளியில் கை தேர்ந்தவன் என்று நினைத்துக்கொண்டிருந்தவன். இருவரும் சேர்ந்து சொதப்பினோம்.

வெள்ளி 962 டிகிரியில் உருகும். உருகிய வெள்ளி தன் கொள்ளளவைப்போல் இருபது மடங்கு ஆக்சிஜனைக் குடித்துவிடும். உறையும்போது அத்தனையையும் துப்பும். துப்பும் என்பது உவமை இல்லை. அச்சின் வாய்ப்பகுதியில் தேங்கியிருந்த வெள்ளி ஆறிக்கொண்டே வரும்போது மேல்தோல் பிளந்து, உள்ளிருந்து சின்னச் சின்னக் காலிஃபிளவர் மொட்டுகள் பொரிந்து கிளம்பின. "ஐயோ, இது உயிரோடு இருக்கிறதே" என்று நண்பர் நகர்ந்து நின்றார். மாங்காயை உடைத்தெடுத்தால் உடம்பெல்லாம் குண்டூசித் துளை. அம்மை போட்ட மாங்காய்.

உலோகம் உருக்கும் மூசையில் கரித்தூளைப் போட்டு மூடியிருக்க வேண்டும். அல்லது சுத்த வெள்ளியை விட்டு, 7.5 சதவீதம் செம்பு கலந்த 925-ஐ எடுத்திருக்க வேண்டும். அதில் இந்தத் துப்பல் இல்லை. இரண்டும் எனக்குத் தெரியும். தெரிந்தும் செய்யவில்லை. முன்னூறு கிராமையும் உருக்கித் தகடாக்கி விற்றுவிட்டேன். வெள்ளியில் தோற்றால் அது ஒன்றுதான் ஆறுதல்: தோல்விக்கும் அன்றைய விலை உண்டு.

17 பிப்ரவரி

மேலே எழுதிய கடைசி வரியே இரவு முழுக்கத் தூங்கவிடவில்லை. ஆறுதல் என்று எழுதினேன். அதுவே இந்த உலோகத்தின் சாபமும்.

வெர்சாய் அரண்மனையில் பிரெஞ்சு அரசன் பதினான்காம் லூயிக்கு வெள்ளியிலேயே மேசை, வெள்ளியிலேயே விளக்குத்தண்டு, வெள்ளியிலேயே தொட்டி. பெரிய பெரிய ஆட்கள் வருடக்கணக்கில் செய்தவை. 1689-இல் போருக்குப் பணம் வேண்டும் என்று அரசனே எல்லாவற்றையும் காசு அடிக்கும் சாலைக்கு அனுப்பி உருக்கிவிட்டான். நம் ஊரில் மட்டும் என்ன? பாட்டியின் காசுமாலை மாதிரி வெள்ளிக்குடமும் கல்யாணத்துக்குக் கல்யாணம் உருகிக்கொண்டுதானே இருக்கிறது. கல் சிற்பத்தை உடைத்தால் ஜல்லி. மரச் சிற்பத்தை எரித்தால் சாம்பல். வெள்ளிச் சிற்பத்தை உருக்கினால் ரொக்கம். செய்பவன் எவ்வளவு நல்ல வேலைக்காரனாக இருந்தாலும், வாங்கியவர் வீட்டில் ஒரு கஷ்டம் வருகிறவரைதான் அது சிற்பம்.

எதிர்த்திசை உதாரணமும் உண்டு. ஜெய்ப்பூர் அரண்மனையில் இரண்டு பிரம்மாண்ட வெள்ளிக் குடங்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான கிலோ. அவ்வூர் மன்னர் இரண்டாம் மாதோ சிங் 1902-இல் லண்டன் போகும்போது கங்கை நீர் கொண்டுபோவதற்காக எடுத்துச் சென்றவை. ஆயிரக்கணக்கான வெள்ளிக்காசை உருக்கி, பற்றவைப்பே இல்லாமல் அடித்தார்களாம். காசு பாத்திரமானது, அதற்குப் பிறகு காசாகவில்லை. ஆக, உருக்க முடியாத அளவுக்குப் பெரிதாகச் செய்துவிடு என்று ஒரு வழி இருக்கிறது. உங்களுக்கும் எனக்கும் அந்த வழி அடைபட்டிருக்கிறது.

2 மார்ச்

மாணவரே, கொர்னீலியா பார்க்கர் என்ற ஆங்கிலேயக் கலைஞரைப் பார்த்திருக்கிறீர்களா? 1988-89-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளிச் சாமான்களைச் சாலையில் பரப்பி, ரோடு ரோலரை ஏற்றி நசுக்கி, முப்பது குவியலாகச் செம்புக் கம்பியில் தரைக்குச் சற்று மேலே தொங்கவிட்டார். இயேசுவைக் காட்டிக்கொடுக்க யூதாஸ் வாங்கிய முப்பது வெள்ளிக்காசுதான் கரு. அப்பா பார்த்திருந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்குப் பிடித்திருந்தது. உருக்காமலே மதிப்பைக் கொன்றுவிட்டு, பிறகு அதைத் தரையில் விழாமல் தாங்கியும் பிடிக்கிறார்.

அவருடைய இன்னொரு வேலை எனக்கு இன்னும் நெருக்கம். பழைய வெள்ளித் தேக்கரண்டி ஒன்றை உருக்கி, நயாகரா அருவியின் உயரத்துக்குக் கம்பியாக இழுத்தார். அவ்வளவுதான் வேலை. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கரண்டி பதினைந்து கிராம், அருவி ஐம்பது மீட்டர் என்று வைத்துக்கொண்டால் கம்பியின் தடிமன் 0.19 மில்லி. கம்பி இழுத்தவனுக்கு அது என்ன வேலை என்று தெரியும். துளைத்தகட்டில் ஒவ்வொரு துளையாக இறங்கி, நடுநடுவே சூடு காட்டி, கடைசித் துளைகளில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுக்க வேண்டும். நடுவில் ஒரு துளி அழுக்கு இருந்தால் அங்கே அறுந்து, அருவி பாதியில் நின்றுவிடும்.

3 மார்ச்

திருத்தம். ரோடு ரோலருக்குக் கீழே போனவை வெள்ளிச் சாமான்கள் அல்ல, வெள்ளி முலாம் பூசியவை. சுட்டிக்காட்டிய நண்பருக்கு நன்றி. உரைகல்லில் உரசாமல் வாங்கிவிட்டேன், பரம்பரைத் தொழில்காரனுக்கு வெட்கம். கரண்டி மட்டும் அசல் வெள்ளி.

அப்படியானால் முலாமே போதும் என்று உங்கள் ஆசிரியர் ஜெயித்துவிட்டாரா? இல்லை. அங்கே நசுங்குவது ஒரு வீட்டின் கௌரவம். அதற்கு முலாமே பொருத்தம், முலாம் என்பதே கௌரவத்துக்குத்தானே. கொக்குக்கு என்ன கௌரவம்?

3 மார்ச், சற்று நேரம் கழித்து

தம்பி தம்பி என்று எழுதிக்கொண்டே இருந்திருக்கிறேன். தங்கையாம். மன்னிக்க வேண்டும். கேள்வியிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்க வந்தேன். ஏன் சொல்ல வேண்டும் என்று என் மனைவி கேட்டாள். பதில் இல்லை.

20 ஏப்ரல்

கண்ணாடி மெருகு போட ஆசை என்று முதலிலேயே எழுதியிருந்தீர்கள், தங்கை. அது வேண்டாம் என்று சொல்ல மறந்தேபோனேன்.

925 வெள்ளியைச் சூடாக்கினால் உள்ளே இருக்கும் செம்பு ஆக்சிஜனோடு சேர்ந்துவிடும். மேல்பரப்பில் மட்டுமல்ல, தோலுக்கு அடியிலும். மெருகு போடும்வரை ஒன்றும் தெரியாது. மெருகு ஏறிய பிறகு, கொக்கின் கழுத்தில் யாரோ ஊதிய புகை தங்கியதுபோல ஊதாவும் சிவப்பும் கலந்த ஒரு திட்டு தெரியும். எங்கள் பட்டறையில் அதை நிழல் என்போம். தேய்த்தால் நகரும், போகாது. முழுவதும் போக வேண்டுமானால் தோலையே சுரண்ட வேண்டும். ஜெர்மானியம் என்ற தனிமம் கலந்து நிழல் விழாத ஒரு வெள்ளியை இங்கிலாந்தில் கண்டுபிடித்து விற்கிறார்கள். நம் கடைவீதியில் கேட்டால் முறைப்பார்கள்.

இதற்கு எதிர்வழி ஒன்று உண்டு, பழைய வழி. சூடு காட்டு, அமிலத்தில் போடு, கழுவு. மறுபடி சூடு, மறுபடி அமிலம். எங்கள் வீட்டில் படிகாரத் தண்ணீரில் கொதிக்கவைப்பார்கள், அவசரமில்லாதவர்களுக்கு அது போதும். ஒவ்வொரு சுற்றிலும் மேல்பரப்பின் செம்பு கருகி, கரைந்து, சுத்த வெள்ளியின் மெல்லிய படலம் மிஞ்சும். நான்கைந்து சுற்றில் பளபளப்பே இல்லாத ஒரு வெண்மை வரும். சுண்ணாம்பு அடித்த சுவர்போல. வெள்ளி என்ற பெயரே வெண்மையிலிருந்து வந்ததுதானே. வானத்து வெள்ளியும் அப்படித்தான். பளபளப்பு நாம் பிறகு ஏற்றிவைத்தது.

கொக்குக்கு எது பொருத்தம் என்று நான் சொல்ல வேண்டுமா? வயலில் நிற்கும் கொக்கைப் பாருங்கள், அதில் உங்கள் முகம் தெரியாது.

ஒரே தொல்லை, விரல் பட்ட இடம் பளபளத்துவிடும். படலம் அவ்வளவு மெல்லியது.

8 ஜூன்

நான்கு வருடம் முன்பு விற்ற ஒரு வேலை பழுதுக்கு வந்திருக்கிறது. புலம்ப இடமில்லாததால் இங்கே.

எருக்கங்காய் ஒன்று பிளந்து பஞ்சு வெளியே வருவதுபோல் ஒரு கையகல வேலை. காயின் நரம்புகளில் நகாசு வெட்டி, பள்ளங்களைக் கறுக்க வைத்திருந்தேன். கறுக்கவைக்கப் பெரிய ரசாயனமெல்லாம் வேண்டாம். மூடிபோட்ட டப்பாவில் வேலையை வைத்து, பக்கத்தில் அவித்த முட்டையின் மஞ்சள் கருவை உடைத்து வைத்தால் போதும். முட்டையின் கந்தகமும் வெள்ளியும் சேர்ந்து, முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, நீலம், கடைசியில் கறுப்பு. மெதுவாக வரும், வேண்டிய இடத்தில் எடுத்துவிடலாம். (பட்டறையில் முட்டை நுழைந்ததற்கு அப்பா ஒரு வாரம் பேசவில்லை. கந்தகம் கந்தகம்தான் அப்பா, முட்டையிலிருந்து வந்தால் தீட்டா என்றேன். அதற்காக இன்னொரு வாரம்.)

வாங்கியவர் வீட்டில் யாரோ கைப்பேசியில் வீடியோ பார்த்து, அலுமினியத் தாள் விரித்த கொதிநீரில் சமையல் சோடா போட்டு, என் எருக்கங்காயை அதில் முக்கியிருக்கிறார்கள். பூஜைப் பாத்திரங்களோடு சேர்த்து. வேதியியல் பழுதில்லாமல் வேலை செய்திருக்கிறது: கந்தகம் வெள்ளியை விட்டு அலுமினியத்துக்குப் போய்விட்டது. நரம்பு போயிற்று, ஆழம் போயிற்று. பார்சலைப் பிரித்தால் உள்ளே சுத்தமான, பளிச்சென்ற, ஒன்றுமில்லாத ஒரு காய். அழுக்காக இருந்தது, சுத்தம் செய்தோம், இப்போது ஏதோ குறைகிறது என்று கடிதம் வைத்திருக்கிறார்கள். குறைவதைக் கண்டுபிடித்தார்களே, அதற்காகவே கோபப்பட முடியவில்லை.

முட்டை வாங்க ஆள் அனுப்பியிருக்கிறேன்.

9 ஜூன்

கறுக்காத வெள்ளி கேட்பவர்களுக்குப் பொதுவாக ஒரு வார்த்தை. ரோடியம் என்ற கறுக்காத உலோகத்தைப் பூசலாம், வார்னிஷ் பூசலாம். ஆனால் வெள்ளி கறுப்பது நோய் இல்லை, அது காற்றோடு பேசுகிறது. கூவம் கரையில் குடியிருந்தால் கொஞ்சம் அதிகமாகப் பேசும்.

5 செப்டம்பர்

1-ஆம் தேதியிலிருந்து வெள்ளிக்கும் எண்ணுடன் கூடிய ஹால்மார்க் வந்துவிட்டது. தங்கத்துக்கு இருப்பதுபோல் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு குறிகள். வெள்ளிக்குக் கட்டாயமில்லை. நல்லதுதான். எண்பது டச் (நூற்றுக்கு எண்பது பங்குதான் வெள்ளி) கொலுசைச் சுத்த வெள்ளி என்று விற்றவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள்.

கொக்குக்கு எங்கே குத்துவது என்று தங்கை கேட்கிறார். உட்காராத பறவைக்கு உட்காருமிடத்தில் குத்தலாம்.

11 அக்டோபர்

தங்கை இறுதிப் படைப்பை வெண்கலத்தில் முடித்து, தேறியும்விட்டார். வாழ்த்துகள். முலாம் பூசவில்லை என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

ஆனால் இந்த எட்டு மாதத்தில் கொக்கு என் தலையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. கொக்குத் தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிக்கும் கதையாக இங்கே பேசிக்கொண்டே இருப்பதைவிட அடித்தே பார்த்துவிடலாம் என்று ஆயுத பூஜை முடிந்த கையோடு தொடங்கினேன். 925 தகடு, முக்கால் மில்லி. உடலும் கழுத்தும் ஒரே தகட்டில்.

அடிக்க அடிக்க வெள்ளி முரண்டு பிடிக்கும். அதைக் கண் சொல்லாது, காதுதான் சொல்லும். முதலில் சுத்தியலின் ஒலி பொத்தென்று இருக்கும். சுற்றுக்குச் சுற்று ஒலி மேலே ஏறிக் கணீரென்று வரும்போது நிறுத்திவிட வேண்டும். இன்னும் நான்கு அடி என்று ஆசைப்பட்டால் விளிம்பு வெடிக்கும். விளக்கை அணைத்துவிட்டு நெருப்பில் காட்டுவேன். வெளிச்சத்தில் நிறம் ஏமாற்றும். இருட்டில், மங்கலான செம்மை படரும் கணத்தில் எடுத்துத் தண்ணீரில் விட்டால், மறுபடி சாதுவாகிவிடும். அப்பாவுக்குக் கவசம் ஏழெட்டு முறை என்றேன். கொக்கின் கழுத்துக்கு இதுவரை இருபத்திமூன்று.

19 அக்டோபர்

தோல், எலும்பு என்று பிப்ரவரியில் வீராப்பாக எழுதினேனே, அதில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஹிரோஷி சுஸுகி என்ற ஜப்பானியக் கைவினைஞரின் ஜாடிகளைப் படத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். சுத்த வெள்ளி, 999. தட்டையான தகட்டைச் சுத்தியலாலேயே எழுப்பி, தண்ணீர் சுழன்று மேலேறுவதுபோல் மடிப்பு மடிப்பாக நிறுத்தியிருக்கிறார். உள்ளே கல் இல்லை, செம்பு இல்லை. மடிப்பே அதற்கு முட்டு. தகரக் கூரையில் அலை அலையாக மடிப்பது எதற்கு? மடிப்பு இருந்தால் மெல்லியதும் நிற்கும். நான் அப்பாவின் கவசத்தை மட்டுமே பார்த்துவிட்டு உலோகத்துக்கே ஜாதகம் எழுதிவிட்டேன்.

கொக்கின் சிறகில் மூன்று மடிப்பு சேர்த்தேன். உடல் இப்போது அழுத்தினால் அசங்குவதில்லை.

9 நவம்பர்

கால்.

உடல் கிட்டத்தட்ட நானூறு கிராம். கால் இரண்டு மில்லிக் கம்பி, பதிமூன்று சென்டிமீட்டர். கம்பியை இழுத்துக் கெட்டியாக்கி, வயிற்றில் பற்றவைத்து, கருங்கல் துண்டில் துளையிட்டு நிறுத்தினேன். நின்றது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் லேசாகக் குனிந்திருந்தது. காலையில் பார்த்தால் மீனைப் பிடித்தேவிட்டது: மூக்கு கல்லைத் தொட்டுக்கொண்டிருந்தது.

காரணம் எனக்குத் தெரியும், அதுதான் எரிச்சல். பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கும்போது அந்தச் சூட்டில் கம்பி இளகிவிடுகிறது. இழுத்து இழுத்து ஏற்றிய விறைப்பெல்லாம் ஒரு நிமிட நெருப்பில் காலி. (பொடிவைத்துப் பேசுவது என்பதே எங்கள் பட்டறையிலிருந்து போனது என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். உருகும்வரை பொடி தெரியாது.)

உள்ளே எஃகுக் கம்பி விட்டுவிடலாம் என்கிறார் ஒருவர். விடலாம். பிப்ரவரியில் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். இப்போது மனம் ஒப்பவில்லை.

10 நவம்பர்

மூன்று மில்லிக் கம்பி போட்டுப் பார்த்தேன். நிற்கிறது. கொக்கு வாத்தாகிவிட்டது. கழற்றிவிட்டேன்.

30 நவம்பர்

இளகிய கம்பியை, பற்றவைத்த பிறகு இரு முனையும் பிடித்து முறுக்கினால் மறுபடி கெட்டியாகும் என்று எழுதியவருக்கு நன்றி. உண்மைதான், நகை வேலையில் செய்வோம். ஆனால் ஒரு முனையில் நானூறு கிராம் கொக்கு இருக்கும்போது அதன் கழுத்தைப் பிடித்தா முறுக்குவது?

14 டிசம்பர்

விலையைப் பார்த்தீர்களா? கிராம் இருநூறைத் தாண்டிவிட்டது. வருடம் தொடங்கும்போது நூறுக்குள் இருந்தது. என் முதல் குறிப்பில் பதினொரு லட்சம் என்று பயமுறுத்திய கெட்டிக் கொக்கு இன்று இருபத்தொரு லட்சத்துக்கு மேல். வாங்குகிறேன் என்று சொல்லியிருந்தவர் நேற்றுக் கூப்பிட்டு, "எடை எவ்வளவு வரும்?" என்று கேட்டார். பத்து மாதத்தில் கொக்கு எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கவே இல்லை. உள்ளே எஃகு விட்டிருந்தால் எடையில் கழிப்பாராம்.

சேதாரம் எத்தனை சதவீதம் என்றும் கேட்டார். சிற்பத்துக்குச் சேதாரம்! தாயின் பொன்னிலும் தட்டான் மாப்பொன் எடுப்பான் என்ற பழமொழி இருக்கும்வரை எங்களை யாரும் சிற்பி என்று கூப்பிடப்போவதில்லை. பட்டறைத் தரையைக் கூட்டி அள்ளுகிற தூசியை நான் விற்பது உண்மைதான். அது வேறு.

21 டிசம்பர்

நெருப்பே வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

வயிற்றில் கெட்டியான ஒரு வெள்ளிக் குழலை முன்பே பற்றவைத்து, உடலின் வெள்ளை எடுக்கும் வேலையையும் முடித்துக்கொண்டேன். அமிலம் ஐந்து சுற்று, நிழல் எங்கும் இல்லை. காலுக்குப் புதிதாக இரண்டு மில்லிக் கம்பி இழுத்தேன், கடைசி ஆறு துளையில் சூடே காட்டாமல். முறுக்கேறிய கம்பி, விரலால் சுண்டினால் தந்திபோல் பேசுகிறது. அதைக் குழலில் இறுக்கமாகச் செருகி, குறுக்கே துளையிட்டு, தலைமயிர் பின் கனத்தில் ஒரு தறையாணி, ரிவெட் என்பார்களே அது. மரச் சுத்தியலால் மூன்று தட்டு. எல்லாம் வெள்ளி, எல்லாம் குளிர்ந்த வேலை.

கல்லில் நிறுத்திவிட்டுப் படுத்தேன். எழுந்து போய்ப் பார்க்கக் கூடாது என்று உறுதி. இரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தேன்.

28 டிசம்பர்

ஒரு வாரம் ஆயிற்று. நிற்கிறது. பிப்ரவரி 9-ஆம் தேதிக் குறிப்பின் கடைசி மூன்று வரிகளை யாரும் மேற்கோள் காட்ட வேண்டாம்.

தங்கை நேற்று வந்து பார்த்தார், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. அந்த அம்மா பார்த்ததும் கழுத்தைத் தொட்டுவிட்டார். இப்போது வெண்மைக்கு நடுவே ஒரு கட்டைவிரல் அளவுக்குப் பளபளக்கிறது. மறுபடி நெருப்பில் காட்டி அமிலத்தில் போட்டால் போய்விடும், ஆனால் அதற்குத் தறையாணியைக் கழற்ற வேண்டும். விட்டுவிட்டேன்.

வாங்குகிறேன் என்றவரிடம் எடையைச் சொல்லவில்லை. பட்டறை அலமாரியில் வைத்திருக்கிறேன். தெருவில் பஸ் போகும்போதெல்லாம் காலில் லேசான அதிர்வு ஓடி, தலை ஒருமுறை அசைந்து நிற்கிறது. அடுத்த பஸ் 7.20-க்கு.